பெண்களும் இடைவெளி விரதமும்: உடலில் நடப்பது என்ன, எப்படித் தொடங்குவது

எடையைக் குறைக்க விரும்பும் ஒரு பெண் இடைவெளி விரதத்தைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினால், ஒரே வாரத்தில் நேரெதிரான இரண்டு அறிவுரைகள் அவரை வந்தடைகின்றன. பதினாறு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் போதும், மீதி எட்டு மணி நேரத்தில் எதை உண்டாலும் கொழுப்பு கரைந்துவிடும் என்கிறது ஒன்று. பெண்கள் இதன் பக்கமே போகக் கூடாது, ஹார்மோன்கள் நிலைகுலைந்து மாதவிடாய் நின்றுவிடும் என்கிறது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அந்த உண்மை எலிகளிடம் நடந்த ஆய்வுகளிலிருந்து கிளம்பி, பலர் வாய் மாறி, மனித உடலுக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிதாகிவிட்டது. எவ்வளவு நேரம் உண்ணாதிருக்கிறோம் என்பதைவிட, உண்ணும் நேரத்தில் உடலுக்கு மொத்தம் எவ்வளவு கிடைக்கிறது என்பதே பெண்களுக்கு முதன்மையான கேள்வி. அது ஏன் என்பதை அடிப்படையிலிருந்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இடைவெளி விரதம் என்று எதைச் சொல்கிறோம்

இன்டர்மிட்டென்ட் ஃபாஸ்டிங் என்று பரவலாக அழைக்கப்படும் இடைவெளி விரதம், எதை உண்பது என்பதற்கு அல்லாமல் எப்போது உண்பது என்பதற்கு எல்லை வகுக்கும் முறை. இதில் மூன்று வகைகள் பெருவழக்கில் உள்ளன. முதலாவது, ஒரு நாளின் உணவு முழுவதையும் குறிப்பிட்ட சில மணி நேரத்துக்குள் முடித்துக்கொள்வது. 16:8 என்றால் 16 மணி நேரம் உண்ணாதிருந்து 8 மணி நேரத்துக்குள் உண்பது. 14:10, 12:12 ஆகியவையும் இவ்வாறே. உண்பதற்கு ஒதுக்கிய அந்த நேரத்தை இக்கட்டுரையில் ‘உணவு நேரம்’ என்று குறிப்பிடுகிறேன். இரண்டாவது, 5:2 முறை: வாரத்தில் ஐந்து நாள் வழக்கம்போல் உண்டு, இரண்டு நாள் மட்டும் பெண்கள் ஏறத்தாழ 500 கலோரிக்குள் நிறுத்திக்கொள்வது. மூன்றாவது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மிகக் குறைவாகவோ அறவே உண்ணாமலோ இருப்பது.

உண்ணாதிருக்கும் மணி நேரங்களில் தண்ணீர் அருந்தலாம். பாலும் சர்க்கரையும் சேராத காப்பி, தேநீரும் அருந்தலாம். தண்ணீரையும் தவிர்ப்பது இம்முறையின் பகுதி அன்று. அதனால் எடை குறைப்புக்குப் பயனும் இல்லை.

தொடக்க நிலையில் உள்ள பெண்களுக்கு முதல் வகையே ஏற்றது என்பது என் கருத்து. அதன் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டவும் குறைக்கவும் முடியும். மற்ற இரண்டும் சில நாள்களில் உணவைத் திடீரென்று வெகுவாகக் குறைக்கின்றன. இனி இக்கட்டுரை பெரும்பாலும் முதல் வகையைப் பற்றியே பேசும்.

மேல்தொட்டியும் கிணறும்

ஒரு வீட்டுக்கு மூன்று வழிகளில் தண்ணீர் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். நாளின் சில வேளைகளில் வெளியிலிருந்து குழாயில் தண்ணீர் வருகிறது. அது வரும்போது மாடியிலுள்ள சிறிய மேல்தொட்டி நிரம்புகிறது. எஞ்சியது ஆழமான கிணற்றுக்குள் விடப்படுகிறது. குழாயில் தண்ணீர் நின்றதும் வீட்டார் மேல்தொட்டி நீரைப் பயன்படுத்துகிறார்கள். தொட்டி குறையக் குறைய, கிணற்றிலிருந்து இறைப்பது கூடுகிறது.

இடைவெளி விரதம் செய்வது, குழாய் திறந்திருக்கும் நேரத்தைச் சுருக்குவது. அதனால் கிணற்றிலிருந்து நாள்தோறும் நீர் இறைக்கப்படும் நேரம் நீள்கிறது. ஆனால் கிணற்றின் நீர்மட்டம் ஒரு மாத முடிவில் குறைந்திருக்குமா என்பது இறைத்த நேரத்தை மட்டும் பொறுத்ததன்று. குழாய் திறந்திருக்கும் குறுகிய நேரத்தில் முன்பைவிட வேகமாகத் தண்ணீர் வந்தால், இறைத்த அளவும் திரும்ப விட்ட அளவும் சமமாகி, நீர்மட்டம் அப்படியே இருக்கும். எதை உண்டாலும் எடை குறையும் என்ற வாக்குறுதி இந்த இடத்தில்தான் பொய்த்துப்போகிறது.

தொட்டியும் கிணறும் உடலில் எவை

உணவிலுள்ள மாவுச்சத்து செரிமானமாகி, குளுக்கோஸ் என்னும் எளிய சர்க்கரையாக இரத்தத்தில் கலக்கிறது. அப்போது கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. குளுக்கோஸைச் செல்களுக்குள் அனுப்பவும், மிகுதியைச் சேமிக்கவும், சேமித்த கொழுப்பு வெளியேறாமல் தடுக்கவும் ஆணையிடும் ஹார்மோன் அது. சேமிப்பின் முதல் வடிவம் கிளைக்கோஜன்: குளுக்கோஸ் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோக்கப்பட்டு ஈரலிலும் தசையிலும் வைக்கப்படும் இருப்பு. இதுவே மேல்தொட்டி. ஈரலில் இது ஏறத்தாழ 100 கிராம். அதாவது 400 கலோரி அளவே. தசையில் இதைப்போலப் பல மடங்கு உண்டு. ஆனால் தசை தன் இருப்பைத் தானே பயன்படுத்துமே தவிர இரத்தத்துக்குத் திருப்பித் தராது.

கிணறு என்பது கொழுப்புத் திசு. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. 65 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் உடலில் 35 விழுக்காடு கொழுப்பு என்றால், அவரிடம் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கலோரி கையிருப்பில் இருக்கிறது. தொட்டிக்கும் கிணற்றுக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவு பெரியது.

கடைசியாக உண்ட உணவு செரித்து முடிந்து, இன்சுலின் தாழ்ந்ததும், குளுக்ககான் என்னும் எதிர் ஹார்மோன் ஈரலிலுள்ள கிளைக்கோஜனை உடைத்து இரத்தச் சர்க்கரையைத் தாங்கிப்பிடிக்கிறது. அதே சமயம் கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்கள் விடுபடுகின்றன. தசைகள் அவற்றை எரிக்கின்றன. நேரம் நீளும்போது ஈரல் அக்கொழுப்பு அமிலங்களின் ஒரு பகுதியைக் கீட்டோன்களாக மாற்றுகிறது. மூளைக்கும் எரிபொருளாக உதவக்கூடிய சிறு மூலக்கூறுகள் அவை. தொட்டி முற்றிலும் வற்றிய பிறகுதான் கிணறு திறக்கும் என்று எண்ண வேண்டாம். உவமை அந்த இடத்தில் பொருந்தவில்லை. இரவில் உறங்கும்போதே உடல் இரண்டையும் ஒருசேரப் பயன்படுத்துகிறது. மணி நேரம் கூடக் கூடக் கொழுப்பின் பங்கு படிப்படியாக ஏறுகிறது. பதினாறாவது மணி நேரத்தில் திடீரென்று கொழுப்பெரிப்பு தொடங்குவதில்லை. பதினைந்தரை மணி நேரத்தில் பசி தாங்காமல் உண்டுவிட்ட பெண், அன்றைய முயற்சி வீண் என்று வருந்த வேண்டியதும் இல்லை.

முதல் வாரத்தில் பலருக்கு ஒன்றிரண்டு கிலோ விரைவாக இறங்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிடித்துவைக்கிறது. கிளைக்கோஜன் குறையும்போது அந்த நீரும் வெளியேறுகிறது. எனவே அந்தத் தொடக்க இறக்கத்தில் பெரும்பகுதி நீர். இரண்டாம் வாரம் வேகம் தணியும்போது முறை பலிக்கவில்லை என்று கருதி உணவை மேலும் வெட்டுவது மிகப் பலர் செய்யும் செயல். பெண்களுக்கு அதன் விலை என்ன என்பதைச் சற்றுப் பின்னால் காண்போம்.

இதுவரை பார்த்தவற்றைச் சுருக்கினால்: உண்ணாத நேரத்தில் இன்சுலின் தாழ்வதும் கொழுப்பு வெளிவருவதும் உண்மை. அந்தக் கொழுப்பு உடலைவிட்டுப் போனதா, அடுத்த வேளையில் மீண்டும் சேமிப்பானதா என்பதை முடிவுசெய்வது பல நாள்களின் மொத்தக் கணக்கு.

ஆய்வுகள் காட்டியவை

எதை வேண்டுமானாலும் உண்ணலாம் என்ற நம்பிக்கைக்கு ஒரு வேர் உண்டு. அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பு மிகுந்த தீனியை நாளின் எட்டு மணி நேரத்துக்குள் மட்டும் உண்ட சுண்டெலிகள், அதே அளவு கலோரியை நாள் முழுவதும் உண்ட சுண்டெலிகளைவிட மிகக் குறைவாகவே பருத்தன. வியப்பான முடிவு இது. ஆனால் சுண்டெலியின் உடல் மிகச் சிறியது, அதன் வளர்சிதை மாற்றம் மிக விரைவானது. பதினாறு மணி நேரப் பட்டினி அதற்கு மனிதருக்கு உள்ளதைவிடப் பன்மடங்கு கடுமையானது.

மனிதரிடம் நடந்த ஆய்வுகள் அடக்கமான செய்தியையே தருகின்றன. 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 116 பேர் 12 வாரம் கலந்துகொண்டனர். 16:8 முறையைப் பின்பற்றியவர்கள் சராசரியாக ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவாக இழந்தனர். மூன்று வேளை வழக்கம்போல் உண்டவர்களுக்கும் அவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2022-இல் சீனாவின் குவாங்சோ நகரிலிருந்து வந்த ஆய்வில், உடற்பருமன் உள்ள 139 பேர் ஓராண்டு கலோரியைக் குறைத்து உண்டனர். அவர்களில் பாதிப் பேர் கூடுதலாகக் காலை 8 மணி முதல் மாலை 4 மணிக்குள் மட்டும் உண்ண வேண்டும் என்ற கட்டுப்பாட்டையும் ஏற்றனர். நேரக் கட்டுப்பாட்டோடு உண்டவர்கள் சராசரியாக 8 கிலோவும், மற்றவர்கள் 6.3 கிலோவும் இழந்தனர்; புள்ளியியல்படி இது உறுதியான வேறுபாடாகத் தேறவில்லை.

பெண்களை மட்டும் சேர்த்து நடந்த ஆய்வு ஒன்று 2011-இல் பிரிட்டனிலிருந்து வெளியானது. மாதவிடாய் நிற்காத, கூடுதல் எடையுள்ள 107 பெண்களில் ஒரு பிரிவினர் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் உணவை வெகுவாகக் குறைத்தனர். மறு பிரிவினர் நாள்தோறும் கொஞ்சம் குறைத்தனர். ஆறு மாத முடிவில் முதல் பிரிவினர் சராசரியாக 6.4 கிலோவும் இரண்டாம் பிரிவினர் 5.6 கிலோவும் குறைந்திருந்தனர். இரண்டும் ஏறத்தாழ ஒரே பயனே.

இதை இடைவெளி விரதத்தின் தோல்வி என்று நான் கருதவில்லை. கலோரியை எண்ணி எண்ணி உண்பதற்கு இணையான பயனை, எண்ணாமலேயே ஒரு நேர எல்லையின் மூலம் பெற முடிகிறது என்பதே இதன் பொருள். இரவு உணவுக்குப் பிறகு கொறிப்பதையும், பசியில்லாமல் உண்ணும் சிற்றுண்டியையும் அந்த எல்லை தானாகவே நீக்கிவிடுகிறது. தட்டில் உள்ள ஒவ்வொன்றையும் அளந்து பார்ப்பது மனச்சுமையாக இருக்கும் பெண்ணுக்கு அது நல்ல உதவி. உணவு நேரம் முடியப்போகிறது என்ற பதற்றத்தில் மிகுதியாக உண்பவருக்கு அதே எல்லை தீங்காகிறது.

பெண்ணுடலுக்குத் தனிக் கவனம் ஏன் தேவை

கருவைச் சுமந்து பாலூட்டுவதற்கு மிகப் பெரிய ஆற்றல் தேவை. ஆகவே பெண்ணின் உடல், கையில் ஆற்றல் போதுமான அளவு இருக்கிறதா என்று ஓயாது கணக்கிட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தக் கணக்கு நடைபெறும் இடம் ஹைப்போதலாமஸ்: மூளையின் அடிப்பகுதியில் இருந்து பசி, உடல் வெப்பம், இனப்பெருக்கம் ஆகியவற்றை நெறிப்படுத்தும் சிறு பகுதி. அது ஏறத்தாழ ஒன்று முதல் சில மணி நேரத்துக்கு ஒருமுறை, துடிப்புத் துடிப்பாக ஒரு ஹார்மோன் ஆணையைப் பிட்யூட்டரி சுரப்பிக்கு அனுப்புகிறது. பிட்யூட்டரி எல்ஹெச் என்னும் ஹார்மோனை அதே துடிப்பில் வெளியிடுகிறது. அதன் தூண்டலால் சினைப்பை கருமுட்டையை முதிரச்செய்து வெளிவிடுகிறது, ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரானையும் சுரக்கிறது. மாதவிடாய் என்பது இந்தச் சங்கிலி முழுவதும் சீராக இயங்கியதன் வெளி அடையாளம்.

கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின், உணவுக்கேற்ப ஏறி இறங்கும் இன்சுலின் ஆகியவை ஹைப்போதலாமஸுக்குக் கையிருப்பு நிலவரத்தைத் தெரிவிக்கின்றன. வரவு நாள் கணக்கில் போதாமல் போனால், ஹைப்போதலாமஸ் தன் துடிப்பைத் தளர்த்துகிறது. கருமுட்டை வெளியேறுவது தாமதமாகிறது, அல்லது நின்றுபோகிறது. மாதவிடாய் தள்ளிப்போகிறது, சிலருக்கு மாதக்கணக்கில் வராமலே இருக்கிறது. கருப்பையும் சினைப்பையும் பழுதடைந்ததால் இப்படி நேர்வதில்லை. ஆற்றல் பற்றாக்குறையை உணர்ந்த மூளை செலவைக் குறைப்பதால் நேர்கிறது.

எவ்வளவு குறைந்தால் போதாமை? ‘எஞ்சும் ஆற்றல்’ என்ற கணக்கு இங்கே உதவுகிறது. ஒரு நாளில் உண்ட கலோரியிலிருந்து உடற்பயிற்சியில் செலவான கலோரியைக் கழித்து, மீதியைக் கொழுப்பு நீங்கலான உடல் எடையால் வகுத்தால் வருவது அது. உடலின் மற்ற பணிகள் அனைத்துக்கும் எஞ்சியிருப்பது எவ்வளவு என்று அது காட்டுகிறது. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், சீரான மாதவிடாய் உள்ள இளம்பெண்களின் எஞ்சும் ஆற்றலை வெவ்வேறு அளவுகளில் ஐந்து நாள் வைத்துப் பார்த்தனர். அது கிலோவுக்கு 30 கலோரிக்குக் கீழே போனபோது எல்ஹெச் துடிப்பு சீர்குலைந்தது. ஐந்தே நாளில் அது நிகழ்ந்தது என்பது கவனிக்கத்தக்கது.

முன்னர் சொன்ன 65 கிலோ பெண்ணையே எடுத்துக்கொள்வோம். கொழுப்பு நீங்கலாக அவர் எடை ஏறத்தாழ 42 கிலோ. 42-ஐ 30-ஆல் பெருக்கினால் 1,260 கலோரி. அவர் நடைப்பயிற்சியிலும் பிற பயிற்சியிலும் 300 கலோரி செலவிட்டால், 1,560 கலோரிக்குக் குறையாமல் உண்ண வேண்டும். இப்போது அவர் 16:8 தொடங்கி, இரண்டு சிறு வேளை உணவில் 900 கலோரி மட்டும் உண்டு, அதே பயிற்சியையும் தொடர்ந்தால், எஞ்சுவது 600 கலோரி. கிலோவுக்கு 14 சொச்சம்தான். அவருக்கு மாதவிடாய் தள்ளிப்போனால் அவர் குறை கூறுவது பதினாறு மணி நேரத்தை. உண்மைக் காரணம் அந்த 900 கலோரி. அதே பெண் அதே எட்டு மணி நேரத்துக்குள் 1,600 கலோரி உண்டிருந்தால் எடை மெதுவாகக் குறைந்திருக்கும். அந்த எல்லையையும் அவர் கடந்திருக்க மாட்டார். 30 என்பது எல்லாப் பெண்களுக்கும் ஒரே இடத்தில் கிழித்த கோடு அன்று. சிலருக்கு அதற்கு மேலேயே பாதிப்பு தொடங்கும், சிலருக்குக் கீழே போனாலும் உடனே தெரியாது. ஆனாலும் தன் உணவைச் சோதித்துப் பார்க்க அது நல்ல அளவுகோல்.

விரதம் பெண் ஹார்மோன்களைச் சிதைக்கும் என்ற பரவலான எச்சரிக்கைக்கு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் பட்டினி போடப்பட்ட இளம் பெண் எலிகளின் இனப்பெருக்கச் சுழற்சி குலைந்ததைக் காட்டிய ஆய்வு அடிப்படையாகச் சொல்லப்படுகிறது. எலியின் அந்தச் சுழற்சி நான்கு அல்லது ஐந்து நாளில் முடிந்துவிடும்; ஒரு முழு நாள் பட்டினி என்பது அதில் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்கு. இருபத்தெட்டு நாள் சுழற்சியுள்ள பெண், இரவு உணவை முன்னதாக முடித்துக் காலை உணவைத் தள்ளிப்போடுவதற்கு அதை ஒப்பிட முடியாது. 2022-இல் வெளியான சிறிய மனித ஆய்வொன்றில், உடற்பருமன் உள்ள பெண்கள் எட்டு வாரம் நாளுக்கு நான்கு அல்லது ஆறு மணி நேரத்துக்குள் மட்டும் உண்டனர். டெஸ்டோஸ்டிரான் அளவு மாறவில்லை. டிஹெச்ஈஏ என்னும் அட்ரினல் ஹார்மோன் ஏறத்தாழ 14 விழுக்காடு குறைந்தாலும் இயல்பு வரம்பைத் தாண்டவில்லை. ஈஸ்ட்ரோஜன் வகைகள் மாதவிடாய் நின்ற பெண்களிடம் மட்டுமே அளக்கப்பட்டன, அவற்றிலும் மாற்றமில்லை. மெலிந்த உடலும் கடும் உடற்பயிற்சியும் உள்ள பெண்களுக்கு இந்த ஆறுதல் பொருந்தாது. அவர்களின் கையிருப்பு சிறியது. மூளை விரைவில் எச்சரிக்கையாகிவிடும்.

சுருக்கமாக: பெண்ணின் இனப்பெருக்க அமைப்பு, கடிகாரத்தைவிட ஆற்றல் வரவையே கூர்ந்து நோக்குகிறது. விரத நேரம் தன்னளவில் மிதமாக இருந்தாலும், அதோடு சேர்த்து உணவையும் கடுமையாக வெட்டினால் தீங்கு நேரும்.

மாதச் சுழற்சியும் எடைத்தட்டும்

கருமுட்டை வெளியேறிய பின் அடுத்த மாதவிடாய் வரையுள்ள ஏறத்தாழ இரண்டு வாரத்தில் புரோஜெஸ்டிரான் உயர்ந்திருக்கிறது. உடல் வெப்பம் சிறிது ஏறுகிறது. பசியும் பலருக்குக் கூடுகிறது. மாதவிடாய்க்கு முந்திய நாள்களில் உடல் நீரைப் பிடித்துவைப்பதால், கொழுப்பு சிறிதும் கூடாமலே எடைத்தட்டில் ஒன்றிரண்டு கிலோ கூடுதலாகத் தெரியலாம்.

இவற்றை அறியாத பெண், முதல் இரண்டு வாரம் எளிதாகக் கடந்த விரதம் மூன்றாம் வாரத்தில் தாங்க முடியாமல் போகும்போது தன் மன உறுதியைக் குறை சொல்கிறார். அந்த நாள்களில் விரதத்தைப் பன்னிரண்டு மணி நேரமாகச் சுருக்கிக்கொண்டு, அடுத்த சுழற்சி தொடங்கியதும் மீண்டும் நீட்டிக்கொள்வதில் எந்த இழப்பும் இல்லை. எடையை ஒப்பிடுவதானால், இந்த மாதம் மாதவிடாய் முடிந்த மூன்றாம் நாளின் எடையைச் சென்ற மாதம் அதே நாளின் எடையோடு ஒப்பிட வேண்டும். நேற்றைய எடையோடு இன்றைய எடையை ஒப்பிடுவது நீரின் ஏற்ற இறக்கத்தை மட்டுமே காட்டும்.

சினைப்பை நீர்க்கட்டி எனப்படும் பிசிஓஎஸ் உள்ள பெண்களில் பலருக்கு இன்சுலின் எதிர்ப்பு உண்டு. செல்கள் இன்சுலினின் ஆணையை முழுமையாக ஏற்காததால் கணையம் மிகுதியாகச் சுரக்க வேண்டிய நிலை அது. எடை ஓரளவு குறைந்தாலே அவர்களுக்கு மாதவிடாய் சீராக வாய்ப்புண்டு. இடைவெளி விரதம் அதற்கு ஒரு வழியாகலாம்; ஆனால் அவர்களிடம் நடந்த விரத ஆய்வுகள் இன்னும் சிறியவையே என்பதால், ஏற்கெனவே பார்க்கும் மருத்துவரிடம் சொல்லித் தொடங்குவதே தக்கது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் மாதச் சுழற்சி என்ற எச்சரிக்கை மணி இல்லை. ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிட்டதால் எலும்பும் தசையும் அவர்களுக்கு விரைவாகத் தேய்கின்றன. எடைக் குறைப்பைவிடத் தசையைக் காப்பதே அவர்களின் முதல் அக்கறையாக இருக்க வேண்டும்.

யார் தொடங்கக் கூடாது

கருவுற்றிருப்பவர்கள், பாலூட்டுபவர்கள், 18 வயது நிரம்பாதவர்கள், உயரத்தோடு எடையை ஒப்பிடும் உடல் நிறை குறியீட்டெண் (பிஎம்ஐ) 18.5-க்குக் குறைவாக உள்ளவர்கள் ஆகியோருக்கு இது உரியதன்று. மிகக் குறைவாக உண்பது, அடக்க முடியாமல் உண்பது, உண்டதை வாந்தியெடுப்பது போன்ற உணவுச் சீர்குலைவு முன்பு இருந்தவர்கள் இதை எந்த வடிவிலும் முயலக் கூடாது. நேரத்தால் உணவைக் கட்டுப்படுத்தும் பழக்கம் அந்நோயை மீண்டும் எழுப்பக்கூடும். மாதவிடாய் ஏற்கெனவே காரணம் தெரியாமல் நின்றிருந்தால், முதலில் காரணத்தைக் கண்டறிய வேண்டும். கருத்தரிக்க முயல்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களிடம் இதை மிக அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். இன்சுலின் ஊசியும், சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரைகளும் உணவு வரும் என்ற கணக்கில் அளவு வகுக்கப்பட்டவை. உணவு வராதபோது இரத்தச் சர்க்கரை அபாயகரமான அளவுக்கு வீழும். எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரைகளோடு நீண்ட விரதம் சேர்ந்தால், இரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகும் ஆபத்து உண்டு. இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு அழுத்தம் மிகையாகத் தாழ்ந்து மயக்கம் வரலாம். இவர்கள் மருந்தளவை மருத்துவர் மாற்றியமைத்த பிறகே தொடங்க வேண்டும்.

தொடங்கும் முறை

முதல் இரண்டு வாரம் பன்னிரண்டு மணி நேரம் போதும். இரவு 8 மணிக்கு முடித்து, காலை 8 மணிக்கு உண்பது அது. எளிதாகத் தோன்றினாலும், இரவு உணவுக்குப் பின் கொறிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு உண்மையான மாற்றம் இதிலேயே தொடங்கிவிடுகிறது. பிறகு பதின்மூன்று, அதன் பின் பதினான்கு என்று ஒவ்வொரு படியிலும் ஓரிரு வாரம் நிற்கலாம். பதினான்கைத் தாண்ட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பதினாறைப் பொன்னான எண்ணாகக் கருதுவதற்கு உடலியல் அடிப்படை இல்லை என்பதை மேலே கண்டோம்.

நேரத்தை மாற்றும் முதல் வாரங்களில் உணவின் அளவை வேண்டுமென்று குறைக்க வேண்டாம். உடல் புதிய ஒழுங்குக்குப் பழகட்டும். பிறகும் எடை அசையாவிட்டால், நாளுக்கு 300 முதல் 500 கலோரி வரை குறைப்பது போதுமானது. 500 கலோரி குறைவு என்பது கணக்குப்படி வாரத்துக்கு ஏறத்தாழ அரைக் கிலோ. நடைமுறையில் மாதங்கள் செல்லச் செல்ல இந்த வேகம் தணியும், ஏனெனில் எடை குறைந்த உடல் குறைவாகவே செலவிடுகிறது.

உண்ணும் வேளைகள் குறைவதால், ஒவ்வொரு வேளையும் நிறைவாக இருக்க வேண்டும். முதல் இடம் புரதத்துக்கு. எடை குறையும்போது கொழுப்போடு தசையும் குறையும். 2020-இன் அமெரிக்க ஆய்வு எழுப்பிய கவலைகளில் இதுவும் ஒன்று. உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் என்ற அளவும், வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் எடை தூக்குதல் போன்ற வலுப்பயிற்சியும் தசையைக் காக்கும் இரு தூண்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். பருப்பு, பயறு, முட்டை, மீன், பால் பொருள் என்று தமக்கு ஏற்றதை ஒவ்வொரு வேளையிலும் சேர்ப்பது, ஒரே வேளையில் மொத்தமாக உண்ண முயல்வதைவிட எளிது.

இரும்புச்சத்தை மறந்துவிடக் கூடாது. மாதந்தோறும் இரத்தம் இழக்கும் பெண்களுக்கு ஆண்களைவிட இரும்பு மிகுதியாகத் தேவை; வேளைகள் குறைந்தால் அதைப் பெறும் வாய்ப்பும் குறைகிறது. தேநீரும் காப்பியும் உணவோடு சேர்ந்தால் தாவர உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்பதைத் தடுக்கின்றன. உணவு நேரம் சுருங்கும்போது தேநீரும் உணவும் நெருங்கி வந்துவிடுவது இயல்பு. இரண்டுக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விட்டால் நல்லது. வெறும் வயிற்றில் காப்பியை மேலும் மேலும் குடித்துப் பசியை அடக்குவது உறக்கத்தைக் கெடுக்கும். உறக்கம் கெட்டால் மறுநாள் பசி கூடும்.

மாத்திரைகளைப் பொறுத்தவரை, தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில் தண்ணீருடன் எடுக்க வேண்டியது. அதை விரதம் தடுக்காது. உணவோடு எடுக்கச் சொன்ன மாத்திரைகளை உணவு நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும். அது இயலாவிட்டால் விரத நேரத்தைத்தான் மாற்ற வேண்டும், மாத்திரை நேரத்தை அன்று.

இரண்டு வாக்குறுதிகள் பற்றி

விரதத்தின்போது செல்கள் தம் பழைய பாகங்களைத் தாமே சிதைத்துப் புதுப்பிக்கும் ஆட்டோபேஜி என்னும் நிகழ்வு பெரிதும் பேசப்படுகிறது. அந்நிகழ்வின் இயக்கத்தைக் கண்டறிந்ததற்காக யோஷினோரி ஓசுமி 2016-இல் நோபல் பரிசு பெற்றார். அவர் ஆய்வு ஈஸ்ட் செல்களில் தொடங்கியது. மனிதரில் இத்தனையாவது மணி நேரத்தில் இது தொடங்கும் என்று அட்டவணை இடும் படங்களை நம்பி விரதத்தை நீட்டிக்க வேண்டாம்.

பதினாறு மணி நேரம் உண்ணாவிட்டால் உடலின் அடிப்படை ஆற்றல் செலவு சரிந்துவிடும் என்பதும் சரியன்று. அது ஓரிரவு விரதத்தால் சரிவதில்லை. வாரக்கணக்கில் மிகக் குறைவாக உண்பதாலும் எடை இழப்பாலும்தான் தாழ்கிறது.

எப்போது நிறுத்த வேண்டும்

தொடங்குவதற்கு முன்பே மாதவிடாய் நாள்களைக் குறித்துவைக்கும் பழக்கம் இருக்க வேண்டும். முன்பு எப்படி இருந்தது என்று தெரியாவிட்டால் மாற்றத்தைக் கண்டுகொள்ள இயலாது. சுழற்சி வழக்கத்தைவிட ஒரு வாரம் நீண்டாலோ, இரத்தப்போக்கு வெகுவாகக் குறைந்தாலோ அதை முதல் குறிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். மாதவிடாய் வராமலே போனால் கருத்தரித்திருக்கிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும். இல்லையென்றால் விரதத்தை நிறுத்த வேண்டும். மூன்று மாதம் வராதிருந்தால் மருத்துவரைப் பார்ப்பது கட்டாயம், ஏனெனில் ஈஸ்ட்ரோஜன் நீண்டகாலம் தாழ்ந்திருப்பது இளம்வயதிலேயே எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு மாதந்தோறும் வரும் இரத்தப்போக்கு அந்த மாத்திரையால் வருவது. அவர்கள் அதை நலத்தின் அடையாளமாகக் கொள்ள முடியாது.

எப்போதும் குளிர்வதுபோல் தோன்றுவது, முடி கொத்தாக உதிர்வது, உறக்கம் நடுவில் கலைவது, உணவு நேரம் திறந்ததும் நிறுத்த முடியாமல் உண்பது, உணவைப் பற்றிய எண்ணமே நாள் முழுவதையும் நிறைப்பது ஆகியவையும் கவனிக்க வேண்டிய அறிகுறிகள். இவற்றில் கடைசி இரண்டைப் பலர் மன உறுதிக் குறைவு என்று எண்ணி மறைத்துவிடுகிறார்கள். அவை பெரும்பாலும் போதாத உணவுக்கு உடல் தரும் மறுமொழி. மறைக்காமல் மருத்துவரிடமோ உணவியல் வல்லுநரிடமோ சொல்ல வேண்டியவை.

நிறுத்துவதென்றால் உணவு நேரத்தை அகலப்படுத்துவது மட்டும் போதாது. எட்டு மணி நேரத்தில் உண்ட 900 கலோரியைப் பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பரப்பி உண்டாலும் பற்றாக்குறை அப்படியேதான் இருக்கும். முதலில் உணவின் அளவைக் கூட்ட வேண்டும். கடும் உடற்பயிற்சி இருந்தால் அதைத் தற்காலிகமாகக் குறைக்க வேண்டும். தளர்ந்த ஹைப்போதலாமஸ் துடிப்பு மீண்டு, மாதவிடாய் பழைய ஒழுங்குக்குத் திரும்பச் சிலருக்குச் சில மாதம்கூட ஆகலாம். அதுவரை எடைக் குறைப்பு முயற்சி எதையும் மீண்டும் தொடங்காமல் இருப்பதே பாதுகாப்பானது.